உண்ணி நாய்மேல் கொஞ்சம், சுவரில்தான் அதிகம்

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்கள் மணி நாட்டு நாய். மூன்று வயது, 12 கிலோ இருப்பான். திண்ணையில்தான் படுப்பான். போன கோடையிலிருந்து காதுக்குள், விரல் இடுக்கில் எல்லாம் உண்ணி. வாராவாரம் குளிப்பாட்டிப் பிடுங்கிப் போடுகிறோம். வண்டியில் வந்து ஊசி போடுகிறவர் இரண்டு முறை உண்ணி ஊசி போட்டார். கடையில் மாட்டுக்குத் தரும் மருந்தைக் கலக்கி ஊற்றியும் பார்த்தோம். பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது சுவரில் ஏறுகிறது, நிலைப்படி இடுக்கில் கொத்தாக இருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், கைக்குழந்தை இருக்கிறது. உண்ணிக் காய்ச்சல் என்று பேப்பரில் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மாட்டிடமிருந்துதான் நாய்க்கு வருகிறது என்கிறார்கள். நாயை வயல் மோட்டார் கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். வீட்டுக்கு என்ன மருந்து அடிப்பது? பூனை ஒன்றும் இருக்கிறது."

அம்மா, முதலில் ஒன்று. மணியை எங்கேயும் அனுப்பாதீர்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் உண்ணிக்குச் சாப்பாடு அவன் ஒருவன்தான். அவனை அப்புறப்படுத்திவிட்டால் சுவரில் இருக்கும் உண்ணி கூடவே போகாது. நன்கு வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடந்தும் உயிரோடு இருக்கும். நாய் இல்லாத வீட்டில் பசியோடு காத்திருக்கும் உண்ணிதான் மனிதரைக் கடிக்கத் தேடும். குழந்தைக்காக நாயை வெளியேற்றுவது குழந்தைக்கே கெடுதல்.

பத்து நாளில் திரும்ப வருவது ஏன் என்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. இது பழுப்பு நாய் உண்ணி. வாழ்நாளில் மூன்றே முறைதான் நாயின்மேல் ஏறுகிறது. குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, இடுக்கில் ஒளிந்து தோலுரிக்கும். கடைசியில் மொச்சைக்கொட்டை மாதிரி ஊதிப்போன பெண் உண்ணி விழுந்து, சுவர்மேல் ஏறி, விரிசலுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். நிலைப்படியில் நீங்கள் பார்த்த கொத்து பெரும்பாலும் பொரித்த குஞ்சுகள்தான். கடுகைவிடச் சின்னதாக, ஆறு காலோடு இருக்கும். நம் பக்கத்துச் சூட்டில் முட்டையிலிருந்து முட்டைவரை இரண்டு மூன்று மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் இடைவெளியே கிடையாது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நாய் வீட்டுக்குள்ளேயே கிடக்கும், அதோடு உண்ணியும் உள்ளே வந்து தங்கும்.

ஆக, நீங்கள் மணியின்மேல் பிடுங்குவது சாப்பிட வந்த சிலதை மட்டும். மற்றதெல்லாம் சுவரில் தன் முறைக்குக் காத்திருக்கிறது. ஊசி வேலை செய்யவில்லை, மருந்து வேலை செய்யவில்லை என்று நீங்கள் நினைப்பதில் பாதி இந்தப் புது வரவுதான்.

மாட்டின்மேல் பழி போடாதீர்கள். மாட்டு உண்ணி வேறு இனம். அது முழு வளர்ச்சியையும் ஒரே மாட்டின்மேல் முடித்துக்கொள்ளும். கொட்டகைக்கு மருந்து அடித்தால் மாட்டுக்கு நல்லதாக இருக்கலாம், உங்கள் திண்ணைக்குப் பயன் இல்லை.

சரி, என்ன செய்வது? ஏறுகிற ஒவ்வொரு உண்ணியும் சாகும்படி மணியின் ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும், அது இடைவெளி விடாமல் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். அப்போது நாயே பொறியாகிவிடும். சுவரில் இருப்பது ஒவ்வொன்றாகப் பசித்து வந்து, கடித்து, செத்துத் தீரும். இதற்குச் சவைத்துத் தின்னும் மாத்திரைகள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. நெக்ஸ்கார்ட் மாதம் ஒன்று, சிம்பாரிகா 35 நாளைக்கு ஒன்று, பிரவெக்டோ 12 வாரத்துக்கு ஒன்று. விலை அதிகம்தான். ஆனால் இதுவரை ஊசிக்கும் பாட்டிலுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பாருங்கள். நாயின் முடியில் மருந்து ஒட்டாது என்பதால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வலிப்பு வந்திருக்கும் நாய் என்றால் மட்டும் வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எடை பார்த்துத்தான் வாங்க வேண்டும். கண்ணால் பார்த்து 12 கிலோ என்று சொல்வது போதாது. நெல் மூட்டை போடும் தராசில் நீங்கள் தனியாக நின்று, அப்புறம் மணியைத் தூக்கிக்கொண்டு நின்று கழித்துப் பாருங்கள். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கி இரண்டாக உடைத்தால் மலிவு என்று கடையில் சொல்வார்கள். உடைக்கக் கூடாது. உதிரியாக, பெட்டி இல்லாமல், பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியாமல் கொடுப்பதையும் வாங்காதீர்கள்.

மாத்திரை கொடுத்த பிறகும் மணியின்மேல் உண்ணி தெரியும். மாத்திரை போலி என்று அப்போது முடிவு கட்டாதீர்கள். உண்ணி ஏறிக் கடித்தால்தான் சாகும். ஒன்றிரண்டு நாளில் காய்ந்து விழும். அடுத்த சில வாரம் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும், அளவு மட்டும் குறையும். ஒன்றுமே கண்ணில் படாத நிலை வந்தபிறகும் விடக்கூடாது. உங்கள் வீட்டு நிலைமைக்கு ஆறு மாதம் விடாமல் கொடுங்கள் என்பேன். தெருவில் இன்னொரு நாய்க்கும் நீங்கள்தான் சோறு வைக்கிறீர்கள் என்றால் அதற்கும் கொடுத்தாக வேண்டும்.

இப்போது அந்த உண்ணி ஊசி. வண்டியில் வருகிறவர் போட்டது அனேகமாக ஐவர்மெக்டின். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். 50 கிலோ உடல் எடைக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் செய்தது. 12 கிலோ நாய்க்கு அந்தக் கணக்கில் கால் மில்லிகூட வராது. கொஞ்சம் கை தாராளமானால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு போய்விடும். நாய் தள்ளாடும், எச்சில் வடியும், கண் தெரியாமல் சுவரில் முட்டும். கோலி என்ற வெளிநாட்டு நாய் இனத்தின் கலப்பு உள்ள நாய்க்குச் சரியான அளவு போலத் தோன்றுவதேகூட உயிரைக் குடிக்கும். இவ்வளவு ஆபத்தையும் தாங்கிக்கொண்டு போட்டால் உண்ணி ஒழிகிறதா என்றால், நம்பும்படி ஒழிவதில்லை. பத்து நாளில் திரும்ப வரும், அவரும் திரும்ப வருவார், திரும்ப ஒரு ஊசிக் காசு. பதிவு பெறாதவர் கால்நடை மருத்துவம் பார்க்கக் கூடாது என்று 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டமே சொல்கிறது. சின்னச் சின்ன வேலைகளைச் செய்ய மற்றவருக்கு அனுமதி உண்டு, அதுவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில். நாய்க்கு என்ன நோய் என்று தானே முடிவுசெய்து ஊசி போட்டுவிட்டுப் போவது அதில் சேராது. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் ஊசி போட வேண்டாம்.

ஆனால் அவரைத் தேடிப் போனதற்கு உங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் மருத்துவர் கோமாரித் தடுப்பூசி முகாமுக்குப் போயிருப்பார், அல்லது கணக்கெடுப்புக்கு. ஒரே ஆள் பல ஊராட்சி மாடு, ஆடு, கோழி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பார்த்தாலும் நாய்க்கான உண்ணி மாத்திரை அலமாரியில் இருக்காது, எழுதித்தான் தருவார். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவாவது ஒவ்வொரு வட்டாரத்திலும் வசதி வேண்டும் என்று எத்தனை கூட்டத்தில் பேசினாலும் அடுத்த கூட்டத்திலும் அதையேதான் பேச வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் வண்டி ஊசிக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

கடையில் மாட்டுக்குத் தந்த மருந்து பெரும்பாலும் டெல்டாமெத்ரின். பியூடாக்ஸ் என்று கேட்டு வாங்குகிறார்கள். இங்கேதான் உங்கள் பூனையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் இந்த வகை எல்லாமே பூனைக்கு விஷம். நாயின் உடம்பு உடைத்து வெளியேற்றிவிடுவதைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது. நாய்க்கான உண்ணிப் பவுடர், கழுத்தில் விடும் சொட்டு மருந்து, மாட்டு மருந்து, எதிலும் 'பாதி அளவு கொடுத்தால் பூனைக்குச் சரியாகிவிடும்' என்ற கணக்கு செல்லாது. பூனைமேல் நேராக ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. ஈரம் காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலே, நாயை நக்கினாலே போதும். காது துடிக்கும், உடம்பு நடுங்கும், அப்புறம் வலிப்பு. அப்படி ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துவட்டி, உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பால், மோர், நல்லெண்ணெய் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். நெல் மூட்டைக்கு எலி வராமல் காக்கிற பூனை, நாயின் உண்ணிக்காகச் சாகக் கூடாது. மணிக்கு மாத்திரை கொடுத்தால் பூனைக்கு இந்தப் பயமே இல்லை. பூனையின்மேல் உண்ணி கண்டால் பூனைக்கென்று இருக்கும் மருந்தை எழுதி வாங்குங்கள்.

இந்த மருந்தை ஊற்றிய நாயை வாய்க்காலிலோ குளத்திலோ குளிப்பாட்டினால் மீன் செத்து மிதக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டுக்கு என்ன அடிப்பது என்று கேட்டீர்கள். கைக்குழந்தை இருக்கும் இப்போது எதையும் அடிக்க வேண்டாம். முக்கியமாக, வயலுக்கு வாங்கி மீந்ததைத் திண்ணையில் தெளிக்கிற பழக்கம் டெல்டாவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. நுவான் என்று மூட்டைப்பூச்சிக்கு அடித்தார்களே, அந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. குருணை மருந்தான ஃபோரேட்டும் அதே நாளோடு போயிற்று. பரணில் பழைய டப்பா இருந்தால் வீட்டில் எதற்கும் பயன்படுத்தாதீர்கள். பினாயில் உண்ணியைக் கொல்லாது. வேப்பிலையும் மஞ்சளும் கெடுதல் இல்லை, ஆனால் விரிசலுக்குள் இருப்பதை அவை தொடாது.

கையால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மணி படுக்கும் சாக்கை எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணி போடுங்கள். வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசிக் கடும் வெயிலில் காயப்போடுங்கள். அவன் படுக்கும் இடத்தை மாற்றாதீர்கள். ஒரே இடத்தில் படுத்தால் உண்ணியும் அங்கேயே விழும், நீங்களும் அங்கேயே தேடலாம். திண்ணைச் சுவர் விரிசல், நிலைப்படிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள பிளவு, சுவிட்சு பாக்ஸைச் சுற்றி, காலண்டருக்குப் பின்னால், ஓட்டுச் சட்டம் சுவரில் உட்காரும் இடம், எல்லாம் பாருங்கள். உண்ணி மேலேதான் ஏறும், தரையை மட்டும் கழுவிப் பயன் இல்லை. கொத்தாக இருப்பதை அகலமான செல்லோ டேப்பால் ஒற்றி எடுத்து மடித்து எரித்துவிடலாம். பிறகு விரிசலை சிமெண்டால் பூசுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது எந்த மருந்தைவிடவும் மேல்.

நாயின்மேல் இருப்பதைப் பிடுங்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், சூடம், பீடி நெருப்பு வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம், உள்ளிருக்கும் கிருமி விரல் கீறலில் படும். ஒரு சின்னப் பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு மூடுங்கள்.

குழந்தை விஷயம். பேப்பரில் வரும் உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் ஸ்கிரப் டைஃபஸ். அது நாய் உண்ணியால் வருவதில்லை. புல், புதர், எலி நடமாடும் இடத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன வேறொரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. அதற்காக நாய் உண்ணி குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லமாட்டேன். அரிதாக அதுவும் மனிதரைக் கடித்து வேறு வகைக் காய்ச்சலைப் பரப்பும். தூளியைச் சுவரை விட்டுத் தள்ளிக் கட்டுங்கள், தூளித் துணியைத் தினமும் உதறிப் பாருங்கள். குழந்தைக்கோ மகளுக்கோ காய்ச்சல் வந்தால், உடம்பில் தடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 'வீட்டில் நாய் உண்ணி இருக்கிறது' என்று டாக்டரிடம் கேட்காமலேயே சொல்லுங்கள்.

மணியையும் இந்த வாரமே ஒருமுறை காட்டுங்கள். ஒரு வருடமாக உண்ணி இருக்கும் நாய்க்கு எர்லிச்சியா, பபீசியா போன்ற ரத்த நோய் உள்ளே இருக்கலாம். சோறு வேண்டாம் என்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர், இதில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளூரில் ரத்தம் பார்க்க வழியில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எர்லிச்சியா என்று வந்தால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 28 நாள் எழுதுவார்கள். ஐந்தாம் நாளே மணி வாலாட்டிக்கொண்டு சோற்றுத் தட்டுக்கு வந்துவிடுவான், அன்றைக்குத்தான் எல்லோரும் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நீங்கள் 28 நாளும் கொடுங்கள், வெறும் வயிற்றில் கொடுக்காமல் சோற்றோடு.