வடக்குப் பார்த்த ஆமை

அன்புள்ள சார்,

ஈரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சென்ற வருடம் எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு என் கொழுந்தனார் ஓர் ஆமையைக் கொண்டுவந்து கொடுத்தார். வடக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டியில் விட்டால் வீட்டுக்கடன் சீக்கிரம் அடையும் என்று அவருக்கு விற்றவர் சொன்னாராம். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் முக்கால்வாசி தண்ணீர் வைத்து விட்டிருக்கிறோம். சோறு, தயிர் சாதம், சில நாள் கேரட் போடுவோம். இரண்டு மாதமாக ஓடு மெத்தென்று இருக்கிறது. அடிப்பக்கம் அழுத்தினால் ரப்பர் மாதிரி உள்ளே போகிறது. கண்ணும் வீங்கி மூடியே இருக்கிறது. யூடியூபில் ஒருவர் பால் கொடுத்தால் கால்சியம் ஏறும், ஓட்டில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவினால் இறுகும் என்றார். பத்து நாள் செய்தோம். இப்போது எதுவும் சாப்பிடுவதில்லை. கொழுந்தனாரைக் கேட்டால், "ஆமை மாசக்கணக்கில் சாப்பிடாமலே இருக்கும் அண்ணி, ஒண்ணும் ஆகாது" என்கிறார். என் மாமியாரோ, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, கொண்டுபோய்க் குளத்தில் விடு" என்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் அழுகிறாள். இதை அனுப்பிவிட்டு மீன் கடையில் விற்கும் சின்னப் பச்சை ஆமை வாங்கித் தரலாமா? போட்டோ இணைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே, ஆமையை உடனே தண்ணீரிலிருந்து எடுங்கள் என்று சுருக்கமாக எழுதியிருந்தேன். இன்னும் பல வீடுகளில் இதே கதை நடந்துகொண்டிருக்கும் என்பதால் விரிவான பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டோ. கறுத்த ஓடு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் விரிகின்றன. காலைப் பாருங்கள், குட்டி யானையின் கால் மாதிரி உருண்டு தடித்திருக்கிறது. விரல்களுக்கு இடையில் சவ்வு இல்லை. இது நட்சத்திர ஆமை. எங்கள் பக்கத்தில் கட்டாமை என்பார்கள். தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான், இலங்கை என்று காய்ந்த முள்காட்டிலும் புல்வெளியிலும் வாழ்கிற தரை ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது.

இதை எழுதும்போது எனக்கு ஒரு சிமெண்ட் தொட்டி நினைவுக்கு வருகிறது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். முதல் மழை பெய்த மறுநாள் பக்கத்து வீட்டு அண்ணன் கரிசல் காட்டிலிருந்து ஒரு கட்டாமையைத் தூக்கிவந்து மாட்டுத் தொட்டியில் போட்டார். அது பின்காலால் தொட்டிச் சுவரைப் பிறாண்டிக்கொண்டு, கழுத்தை முடிந்த மட்டும் மேலே நீட்டி மூக்கை மட்டும் தண்ணீருக்கு வெளியே வைத்துக்கொண்டிருந்தது. நீச்சல் அடிக்கிறது என்று நாங்கள் கைதட்டினோம். மூன்றாம் நாள் காலையில் கழுத்து தொங்கி அடியில் கிடந்தது. அது மூன்று நாளும் மூழ்காமல் இருக்கத்தான் போராடியிருக்கிறது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. உங்கள் டப்பில் ஏறி நிற்க ஏதோ ஒரு கல் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது.

இப்போது ஓடு ஏன் மெத்தென்று ஆனது என்பதற்கு வருகிறேன். பலர் ஓட்டை ஆமை போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி நினைக்கிறார்கள். அது அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து விரிந்து ஆனது. மேலே தெரியும் கட்டங்கள் நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனவை, அதற்குக் கீழே உயிருள்ள எலும்பு. தட்டினால் அதற்குத் தெரியும். நீங்கள் விரலால் அழுத்தி உள்ளே போனது அதன் எலும்புக்கூடு. மகளிடம் சொல்லி அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

எலும்பு இறுக கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்க்க வைட்டமின் டி3 வேண்டும். அந்த டி3யை ஆமையின் தோல் வெயிலிலிருந்து செய்துகொள்கிறது, வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் மேலே பட்டால்தான் அது நடக்கும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும், அதனால் ஹாலில் விழுகிற வெளிச்சம் எவ்வளவு பளீரென்று இருந்தாலும் பயனில்லை. உணவில் சோறு. சோற்றில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதைவிட அதிகம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது, இதயமும் தசையும் ஓட வேண்டுமே. எலும்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கும். ஒரு வருடமாக உங்கள் ஆமை தன் ஓட்டைக் கரைத்துத்தான் உயிரோடு இருந்திருக்கிறது.

பாலில் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் ஊர்வன எதுவும் குட்டிக்குப் பால் கொடுப்பதில்லை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி அவற்றின் குடலில் கிடையாது. வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். பாம்புக்குப் பால் வார்ப்பதும் இதே கதைதான். பாம்பாட்டிகள் நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பார்கள், தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கும், நாம் பக்தியோடு பார்ப்போம். மஞ்சளும் எண்ணெயும் எலும்பு வரைக்கும் போகாது. எண்ணெய்ப் பிசுக்கில் அழுக்கு சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிடுங்கள், சோப்பு வேண்டாம். வீட்டிலிருக்கும் கால்சியம் சிரப்பையோ டி3 சொட்டு மருந்தையோ நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். டி3 அளவு மிஞ்சினால் கால்சியம் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் போய்ப் படியும். கண் வீக்கத்துக்கும் மருத்துவர் பார்த்துத்தான் காரணம் சொல்ல வேண்டும்.

உங்கள் கொழுந்தனார் சொன்னதைத்தான் நான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். "மாசக்கணக்கில் சாப்பிடாமலே இருக்கும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது பாதி உண்மையும்கூட. ஆமை தன் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள நம்மைப் போல உணவை எரிப்பதில்லை, வெயிலிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால் கொஞ்சத்தில் நெடுநாள் ஓட்டும். ஒரு கோழிக்குத் தப்பான தீவனம் போட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஆமைக்குத் தெரிய ஒரு வருடம் ஆகும், சில சமயம் இரண்டு வருடம். அதற்குள் விற்றவர், "என்கிட்ட வாங்கினவங்க வீட்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று இன்னும் பல பேருக்கு விற்றிருப்பார். வீடியோ போட்டவரும் தன் ஆமை செத்த பிறகு வந்து இன்னொரு வீடியோ போடப் போவதில்லை. ஊர்வனவற்றைப் பற்றி இவ்வளவு பொய் நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவை கத்துவதில்லை, மெதுவாகச் சாகின்றன. நாம் கொல்கிற வேகம் நமக்கே தெரிவதில்லை. அனுபவத்தில் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், எத்தனை வருட அனுபவம், அந்த ஆமை இப்போது எங்கே என்று கேளுங்கள்.

வாஸ்து விஷயம். வடக்குத் திசைக்குக் காவல் ஆமை என்பது சீனர்களின் நம்பிக்கை. அங்கே நான்கு திசைக்கும் நான்கு உயிர்கள், வடக்குக்குக் கறுப்பு ஆமை. பெங் சுயி வழியாக அது இங்கே வந்து, கடைக் கல்லாவில் தண்ணீர்த் தட்டில் வைக்கும் பித்தளை ஆமையாக மாறி, இப்போது வாஸ்து என்ற பெயரில் உயிருள்ள ஆமையே விற்பனைக்கு வந்துவிட்டது. ஒரே வீட்டில் மாமியார் ஆமை வந்தால் குடும்பம் நொடிக்கும் என்கிறார், மகன் ஆமை வந்தால் கடன் அடையும் என்கிறார். இரண்டுமே அந்த டப்பில் கிடப்பதைப் பார்த்துச் சொன்னதல்ல.

உங்கள் மாமியார் சொன்ன பழமொழிக்குப் பல விளக்கம் சொல்கிறார்கள். அந்த ஆமை கல்லாமை, இல்லாமை, பொறாமை என்பார்கள் சிலர். வெள்ளம் வந்தால்தான் ஆமை வீட்டுக்குள் வரும், அதைத்தான் சொன்னார்கள் என்பார்கள் சிலர். எது சரியோ, அமீனா விஷயத்தில் சந்தேகமே இல்லை. கோர்ட் ஆணையோடு ஜப்தி செய்ய வருகிறவர் அவர், அவர் வந்தால் அண்டா குண்டா போகும். ஆமை வந்து யார் வீட்டு அண்டாவும் போனதில்லை. ஆனால் பெரியவர் சொல்வதில் ஒன்றை நான் ஏற்கிறேன், அது உங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. குளத்தில் விடச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது. குளத்தில் விட்டால் நான் பார்த்த அந்தத் தொட்டிதான்.

சட்டப்படியும் வைத்திருக்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நட்சத்திர ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. குறைந்தபட்சத் தண்டனை மூன்று வருடச் சிறை, 25,000 ரூபாய் அபராதம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த ஆமைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிய வேண்டும். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு மையத்திலிருந்து மட்டும் ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. சென்னை விமான நிலையத்தில் பிடிபடும்போது பெட்டிக்குள் துணிக்கு நடுவே அடுக்கியிருப்பார்கள், காலும் தலையும் வெளியே வராதபடி டேப் சுற்றியிருப்பார்கள். 2019இல், வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தில், சர்வதேச வணிகத்தை அறவே தடுக்கும் முதல் பட்டியலிலும் இதைச் சேர்த்தார்கள். உங்கள் கொழுந்தனார் கொடுத்த பணம் அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிக்குப் போயிருக்கிறது.

காட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். உங்கள் ஆமை எந்த ஊர்க் காட்டில் பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒட்டிய நோயைக் காட்டு ஆமைகளுக்குக் கொண்டுபோய்விடும், வெவ்வேறு பகுதி ஆமைகளின் வம்சமும் கலந்துபோகும். 2018இல் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகளைக் கர்நாடகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவற்றைக்கூட நேராகக் காட்டில் விடவில்லை, முதலில் தனியே வைத்துத்தான் பார்த்தார்கள்.

ஆகவே வன அலுவலகம். முதலில் மாவட்ட வன அலுவலகத்துக்கோ உங்கள் பகுதி ரேஞ்சர் அலுவலகத்துக்கோ போன் செய்யுங்கள். நீங்களாக எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம், அவர்கள் வருகிறார்களா, நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எப்போது, யார் மூலம் வந்தது, என்ன கொடுத்தீர்கள், எப்போது உடம்பு கெட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சட்டத்துக்கு மட்டுமல்ல, வைத்தியம் பார்க்கிறவருக்கும் அந்தத் தாள் வேண்டும். மனதுக்குப் பயமாக இருந்தால் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாள் கடத்தாதீர்கள்.

மகளுக்கு வாங்கித் தரலாமா என்று கேட்ட பச்சை ஆமை பற்றி. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்குமே, அதுதான். அமெரிக்காவில் மிசிசிபி ஆற்றுப் பக்கத்து உயிர். நம் வனச் சட்டத்தின் அட்டவணையில் வராததால் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும்போது விற்பார்கள், "இவ்வளவுதான் வளரும்" என்பார்கள். பெண் ஆமை 30 சென்டிமீட்டர் வரை வளரும், 20, 30 வருடம் இருக்கும். உங்கள் மகள் கல்யாணமாகிப் போன பிறகும் தண்ணீர் மாற்ற வேண்டியது நீங்கள்தான். இவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும், ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். அதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்காவே 1975இல் தடை செய்தது. சலித்துப்போனவர்கள் கோயில் குளத்தில் விடுகிறார்கள், அங்கே நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் தீனியையும் இது பிடித்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இறக்குமதியையே நிறுத்திவிட்டது. வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

வன அலுவலகத்திலிருந்து ஆள் வரும்வரை: தரையில் உலர்ந்த இடம், பாதி வெயில் பாதி நிழல். காலை எட்டு மணி வெயில் போதும், ஈரோட்டு உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் விட்டால் அதுவே கொன்றுவிடும். தாடைக்கு மேலே வராத அளவு வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி, தினம் பத்து நிமிடம் நிற்க வையுங்கள், குடிக்கும். பக்கத்திலேயே இருங்கள். அருகம்புல், செம்பருத்தி இலை, முருங்கைக்கீரை வையுங்கள். சாப்பிடவில்லை என்றால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள். தொட்ட பிறகு எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அந்தத் தட்டைச் சமையலறையில் கழுவ வேண்டாம்.

கொண்டுபோகும்போது பழைய டப் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி எடுத்து, பக்கவாட்டில் நான்கைந்து துளை போட்டு, கீழே பழைய பருத்திச் சேலையை மடித்து விரியுங்கள். அதை மகளே செய்யட்டும். ஆமையைத் தூக்கும்போது ஓட்டை அழுத்தாமல் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, தரைக்குப் பக்கத்திலேயே தூக்க வேண்டும். மூடியை டேப் போட்டு ஒட்டாதீர்கள். சும்மா மடக்கி வைத்தால் போதும்.