‘குட்’ என்று காட்டும் பேட்டரி மாலைக்குள் ஏன் தீர்ந்துபோகிறது?

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போன் வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பேட்டரியின் கொள்ளளவு 5,000 எம்.ஏ.எச். முன்பெல்லாம் காலையில் சார்ஜரிலிருந்து எடுத்தால் மறுநாள் காலை வரை தாங்கும். இப்போது பள்ளி முடிந்து பஸ் ஏறும்போதே 20 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டு முறை 18 சதவீதம் இருக்கும்போதே தானாக அணைந்துவிட்டது. பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் கடைக்காரர். நான் இறக்கிப் பார்த்த செயலியோ ‘பேட்டரி ஹெல்த்: குட்’ என்கிறது. யார் சொல்வதை நம்புவது?
– தென்காசி மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே அளந்து பார்த்துவிடலாம். அதற்கு மூன்று நாள் போதும்.

முதலில் அந்தக் ‘குட்’ என்ற சொல்லைப் பற்றி. ஆண்ட்ராய்டில் ‘ஹெல்த்’ என்ற பெயரில் ஒரு தகவல் வெகுகாலமாக இருக்கிறது. பேட்டரி இந்த நிமிடம் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறதா, மின்னழுத்தம் எல்லை தாண்டிவிட்டதா, அடியோடு செயலிழந்துவிட்டதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. இவற்றில் எதுவும் இல்லையென்றால் ‘குட்’ என்று காட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் எழுபது வயதுப் பாட்டிக்கும் 98.4 என்றுதான் காட்டும். அதை வைத்து அவருக்கு வயதாகவில்லை என்று சொல்ல முடியுமா? *#*#4636#*#* என்ற எண்ணை அழுத்திப் பார்க்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். பழைய போன்களில் அந்தப் பக்கத்தில் தெரியும் பேட்டரி நிலையும் இதே தகவல்தான். புதிய போன்கள் பலவற்றில் அங்கே பேட்டரிப் பகுதியே கிடையாது.

பேட்டரிக்கு வயதாவது இரண்டு விதமாக நடக்கிறது. வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் அடியில் சேறு படிந்தால், நிரப்பினாலும் பழைய அளவு தண்ணீர் அதில் நிற்காது. பேட்டரியில் இதைக் கொள்ளளவு குறைவது என்கிறோம். உப்புத் தண்ணீர் ஓடி ஓடிக் குழாயின் உட்புறம் அடைத்துக்கொள்வது இன்னொன்று. தொட்டியில் தண்ணீர் இருக்கும். இரண்டு குழாயைச் சேர்த்துத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வரும். பேட்டரியில் இதற்கு உள்மின்தடை கூடுவது என்று பெயர். உங்கள் போன் மாலைக்குள் தீர்வது தொட்டியின் கோளாறு. 18 சதவீதத்தில் அணைந்தது குழாயின் கோளாறு. கேமராவோ வீடியோ அழைப்போ திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது, வயதான பேட்டரியின் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அப்போது திரையில் 18 என்று இருந்தாலும் பயனில்லை.

அளப்பதற்கு முன் உங்கள் போன் தானாகவே சொல்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதிக்குள் ‘பேட்டரி ஹெல்த்’ என்ற வரி இருந்து, அதற்கு எதிரே சதவீதம் இருந்தால் அதுவே நமக்கு வேண்டிய எண். கூகுளின் பிக்சல் 8ஏ முதல் பின்வந்த மாடல்களில் இது உண்டு. ஒப்போ, ஒன்பிளஸ் போன்களின் புதிய பதிப்புகளிலும் ‘அதிகபட்சக் கொள்ளளவு’ என்று காட்டுகிறார்கள். சாம்சங்கில் ‘சாம்சங் மெம்பர்ஸ்’ செயலிக்குள் இருக்கும் பரிசோதனைப் பகுதியில் பேட்டரி நிலையைப் பார்க்கலாம். அது சொல்லாகத் தரும் முடிவு என்பதால், நல்ல நிலை என்று வந்தாலும் நான் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

சில போன்களில் ‘சைக்கிள் கவுண்ட்’ என்று, அதாவது பேட்டரி கடந்த சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை என்று, ஓர் எண்ணும் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 14 முதல் இதைக் காட்டுவதற்கான வசதி இயங்குதளத்திலேயே இருக்கிறது. ஒரு சுற்று என்பது நீங்கள் சார்ஜரைச் செருகிய தடவைகளின் எண்ணிக்கை அல்ல. இன்று 50 சதவீதமும் நாளை 50 சதவீதமும் ஏற்றினால் இரண்டு நாளும் சேர்ந்து ஒரு சுற்று. பிக்சல் 8 ப்ரோ வரையிலான தன் போன்கள் ஏறத்தாழ 800 சுற்றுகள் வரையிலும், 8ஏ முதலானவை 1,000 சுற்றுகள் வரையிலும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும் வகையில் அமைக்கப்பட்டவை என்று கூகுள் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் என்பது கட்டாய விதி. உங்கள் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு முக்கால் சுற்று என்று வைத்தாலே மூன்று ஆண்டுகளில் 800 தாண்டிவிடுகிறது. ஆகவே உங்கள் பேட்டரி இளைத்திருந்தால் அதில் வியப்பில்லை. உங்கள் தவறும் இல்லை.

போன் எதுவும் சொல்லவில்லையென்றால் அளந்துவிடலாம். அக்யூபேட்டரி போன்ற ஒரு செயலி, சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் எத்தனை எம்.ஏ.எச். போகிறது என்று கூட்டிக்கொண்டே வரும். அது தரும் மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது மூன்று எண்கள்: தொடங்கிய சதவீதம், முடிந்த சதவீதம், உள்ளே போன எம்.ஏ.எச். போன் 20 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் செருகுங்கள். திரையை அணைத்து, கைபடாமல் 85 அல்லது 90 வரை ஏற விடுங்கள்.

சென்ற வாரம் என் மேசைக்கு வந்த போனும் உங்களுடையதைப் போலவே மூன்றாண்டு பழையது, 5,000 எம்.ஏ.எச். முதல் நாள் 14-இல் தொடங்கி 89 வரை ஏறியது. அதாவது 75 சதவீதம். உள்ளே போனது 2,865 எம்.ஏ.எச். 75 சதவீதத்துக்கு 2,865 என்றால் நூறுக்கு 3,820. இரண்டாம் நாள் இதே கணக்கில் 3,760, மூன்றாம் நாள் 3,875. சராசரி ஏறத்தாழ 3,818. ஐயாயிரத்தில் இது 76 சதவீதம். பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதி உரிமையாளரிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே நாள் அளவை நம்பக் கூடாது. திரையில் தெரியும் சதவீதமே போன் போடும் ஒரு கணிப்புதான். மேலும் கீழும் கொஞ்சம் பிசகும். 60-இலிருந்து 80 வரை மட்டும் ஏற்றி அளந்தால் அந்தப் பிசகு பெரிதாகிவிடும். அதனால்தான் கீழிருந்து மேல்வரை ஏற்றச் சொல்கிறேன்.

விடை 50 சதவீதத்தை ஒட்டி வந்தால் பதற வேண்டாம். மிக வேகமாக சார்ஜ் ஆகும் போன்கள் சிலவற்றில் ஒரு பேட்டரிக்குப் பதிலாக இரண்டு சிறிய செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவற்றில் செயலி பாதியைத்தான் காணும். விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். நல்ல பேட்டரியை வைத்துக்கொண்டு இந்த ஒரு எண்ணால் பயந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புத்தம் புதிய போனில் 97 சதவீதம் வந்தாலும் குறையில்லை. பெட்டியில் அச்சிடுவது வழக்கமான கொள்ளளவு. உறுதியளிக்கும் குறைந்தபட்ச அளவு அதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். இன்னொன்று, சார்ஜ் 80-இல் நின்றுவிடுகிறது என்றால் பேட்டரிப் பாதுகாப்பு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கலாம். அது கோளாறு அல்ல.

குழாயின் அடைப்பைச் சோதிக்க எண் எதுவும் வேண்டாம். வேலையையெல்லாம் சேமித்துவிட்டு, போன் 25 சதவீதத்தில் இருக்கும்போது திரை வெளிச்சத்தைக் கூட்டி, கேமராவில் விளக்கோடு வீடியோ எடுங்கள். நல்ல பேட்டரி ஒவ்வொன்றாக இறங்கும். தேய்ந்த பேட்டரி 25-இலிருந்து 17-க்குத் தாவும் அல்லது அப்படியே அணைந்துவிடும். அணைந்த போனைச் சார்ஜரில் செருகியவுடன் 12, 15 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். சார்ஜ் தீர்ந்து போன் அணையவில்லை. இருந்த சார்ஜைப் பேட்டரியால் தர முடியவில்லை.

இவற்றுக்கு முன்பாகச் செய்ய வேண்டிய ஒன்று உண்டு: செட்டிங்ஸில் பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து பார்ப்பது. நீங்கள் தொடாத செயலி ஒன்று பட்டியலின் உச்சியில் இருந்தால் குற்றவாளி அதுதான். சிக்னல் குறைவான இடத்திலும் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும். உங்கள் பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒரு விடுமுறை நாளில் வீட்டில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உறையைக் கழற்றிவிட்டு, திரைக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் நகத்தை ஓட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் நகம் உள்ளே இறங்கினால், திரை அங்கே மேலெழும்பியிருக்கிறது. பிறகு போனைத் திரை கீழே இருக்கும்படி மேசைக் கண்ணாடியில் வைத்து ஒரு மூலையை மெதுவாகத் தள்ளுங்கள். தட்டையாக இருந்தால் உராய்ந்து நிற்கும். திரை புடைத்திருந்தால் பம்பரம்போல் சுழலும். பின்மூடி பிரிந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். உப்பியிருந்தால் கணக்கெல்லாம் வேண்டாம், மூன்று நாள் காத்திருக்கவும் வேண்டாம். அன்றே அணைத்துவிடுங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. தலையணைக்கு அடியில் போனை வைத்துத் தூங்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை நினைத்தால் இந்த ஒரு பத்தியை நூறு முறை எழுதவும் நான் தயார்.

உங்கள் நிலைமைக்கு வருவோம். அளவு 80-க்கு மேல் இருந்து, திடீரென்று அணைவதும் இல்லையென்றால் மாற்ற வேண்டாம் என்பேன். 75-ஐ ஒட்டி இருந்தாலும் உங்கள் நாளுக்குப் போதுமானால் அவசரம் இல்லை. உங்கள் போனோ இருமுறை அணைந்திருக்கிறது. பஸ்ஸில் தனியாகப் போகும்போது போனை நம்ப முடியாது என்றால், எண் எப்படி வந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது. பேட்டரியைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லும் செயலிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். உள்ளே நடந்தது வேதிமாற்றம். எந்த மென்பொருளாலும் அதைத் திருப்ப முடியாது.

மாற்றுவதை முடிந்தவரை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் செய்யுங்கள். வெளிக்கடை என்றால், பொருத்தும் முன் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். லேபிளில் அந்த முத்திரையும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தயாரிப்புத் தேதி அச்சிடப்பட்டிருந்தால் அதையும் படியுங்கள். பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் பேட்டரிக்கு வயதாகிக்கொண்டேதான் இருக்கும்; வெயில் காயும் கடையில் இன்னும் வேகமாக. தகவல்களைப் பிரதி எடுத்துவிட்டு, சிம்மைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பேட்டரி மாற்றுவதற்கு உங்கள் கடவு எண் தேவையில்லை. கழற்றிய பழைய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகக் கூடாது. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்க்கும் பொறுப்பைக் கடைக்காரரிடமே கேட்டு வாங்குங்கள்.

புதிய பேட்டரி போட்ட முதல் வாரத்திலேயே அதே செயலியைக் கொண்டு, அதே முறையில் மூன்று நாள் மறுபடியும் அளந்துவிடுங்கள். 5,000 என்று விற்ற பேட்டரியில் 4,200 வந்தால் கணக்கை எழுதிய தாளோடு கடைக்குத் திரும்பிப் போங்கள். சரியாக வந்தால், அந்த எண்ணையும் தேதியையும் ரசீதின் பின்புறம் எழுதி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.