ஜன்னல் வலை சரி, கூரை இடுக்கைப் பார்த்தீர்களா?

ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்தும் கொசு குறையவில்லை, மகனுக்கு இரண்டாவது முறை மலேரியா வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டு வீடு என்றீர்களே, என் சந்தேகம் அங்கேதான். சுவர் முடிந்து கூரை தொடங்கும் இடத்தில் இடைவெளி இருக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் கொசுக்களில் சில வகை, சுவரில் முட்டினால் அப்படியே மேலேறி அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும்.

நண்பகலில் கதவைச் சாத்தி, ஜன்னலைத் துணியால் மூடிவிட்டு, உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் கொசுவுக்கு வாசல்.

அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்தான். ஆனால் காற்று நின்றுபோகும். புழுக்கம் தாங்காமல் பையன் கொசுவலையை விட்டு வெளியே வந்து படுப்பான். அது இன்னும் மோசம். அங்கேயும் வலையே அடியுங்கள், துளை 1.2 மில்லிமீட்டர் அளவில். வெறும் ஆணி மட்டும் அடித்தால் ஓரம் பிய்ந்துகொள்ளும்; மேலே மரச்சட்டம் வைத்து அழுத்தி அடியுங்கள். மலேரியா வந்தால் ரத்தசோகையும் வரும். மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், வலை அடிக்காத வீடுகளில் 19 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை இருந்தது. அடித்த வீடுகளில் 12 சதவீதம்தான்.

அப்புறம் கதவு. வலைக்கதவுக்கு ஸ்பிரிங் போடுங்கள், அடியில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். செருப்பை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டிலும் உண்டா?

இன்னொன்று: மகனுக்கு வந்தது வைவாக்ஸ் வகை மலேரியா என்றால், புதுக் கடியே இல்லாமல் கல்லீரலில் பதுங்கியிருந்த கிருமி மறுபடி கிளம்பியிருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.