எடுபிடி என்ற சொல்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுத்தான் போன வருஷம் முதல்முறையாக டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்க்க ஆரம்பித்தேன். பிடித்திருக்கிறது. ஆனால் நாளுக்கு ஒன்றாக 21 ஸ்டேஜ், ஒவ்வொன்றும் நாலைந்து மணி நேரம். வேலைக்குப் போகிறவன் எப்படிப் பார்ப்பது? தினமும் பத்து நிமிடத் தொகுப்பைப் பார்க்கிறேன். முடிவுப் பட்டியலில் முதல் பத்துப் பெயர்களைப் படிக்கிறேன். அவ்வளவுதான். இந்த முறை நாலைந்து ஸ்டேஜ்களையாவது முழுதாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த மாதிரி ஸ்டேஜ்களைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்வீர்களா?

சில சந்தேகங்களும் உண்டு. எப்படியும் ஸ்லோவேனிய வீரர் பொகாச்சார்தான் ஜெயிக்கப்போகிறார் என்றால் மூன்று வாரம் எதற்கு? ஊக்கமருந்து விவகாரம் இவ்வளவு நடந்த விளையாட்டை எதை நம்பிப் பார்ப்பது? அப்புறம், ஓட்டுகிற 180 பேரில் ஜெயிக்க வாய்ப்புள்ளவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமக்கிற எடுபிடிகள். அவர்கள் எதற்காக மூன்று வாரம் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது 2019 பந்தயத்தின் ஒரு பழைய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலை 26, ஆல்ப்ஸ் மலைகள். பிரெஞ்சுக்காரர்கள் பல வருஷமாகக் காத்திருந்த வெற்றியைத் தந்துவிடுவார் என்று எல்லாரும் நம்பிய திபோ பினோவுக்குத் தொடைத் தசையில் காயம். மிதிக்க முடியவில்லை. அழுதுகொண்டே பின்தங்குகிறார். அவருடைய அணியைச் சேர்ந்த வில்லியம் பொனே பக்கத்தில் வந்து தோளில் கைபோட்டு ஏதோ சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் பினோ சைக்கிளை விட்டு இறங்கி அணியின் காரில் ஏறிவிடுகிறார்.

தோள்மேல் இருந்த அந்தக் கையை நினைத்துக்கொண்டிருந்த வேளையில்தான் நீங்கள் எழுதிய 'எடுபிடிகள்' என்ற சொல்லைப் படித்தேன். கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். ஊக்கமருந்து: அமெரிக்க வீரர் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அவற்றில் சிலவற்றை நான் கண்விழித்துப் பார்த்தவன், அந்த வலி எனக்குத் தெரியும். தெரிந்தேதான் இன்னும் பார்க்கிறேன். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்று வேண்டாம். பொகாச்சார்: 2020இல் கடைசிக்கு முந்தைய நாள் காலையில் அவர் நாட்டுக்காரரான ரோக்லிச் 57 விநாடி முன்னிலையில் இருந்தார். அன்று மாலை லா பிளாஞ்ச் மலையில் டைம் ட்ரையல் (ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம்) முடிந்தபோது 59 விநாடி பின்னால் இருந்தார். அப்படி ஜெயித்தவர்தான் நீங்கள் சொல்லும் பொகாச்சார், அப்போது அவருக்கு வயது 21. முடிவு முன்கூட்டியே தெரியும் என்று அன்று காலையில் சொல்லியிருந்தால் நீங்களும் ரோக்லிச்சின் பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

சரி, எடுபிடிக்கு வருகிறேன்.

இந்தச் சொல்லை முதலில் எறிந்தவர் நீங்கள் இல்லை. 1903இல் இந்தப் பந்தயத்தை ஒரு பத்திரிகைதான் ஆரம்பித்தது. அதன் ஆசிரியர் ஆன்ரி தெக்ராஞ்ச். ஒவ்வொருவனும் தனியாக ஓட்ட வேண்டும், தனியாக ஜெயிக்க வேண்டும், ஒருவருக்கொருவர் உதவுவது ஏமாற்று வேலை என்பது அவர் கொள்கை. 1911இல் மொரீஸ் ப்ரோக்கோ என்ற வீரர் தன் வாய்ப்பு போய்விட்ட பிறகு, தள்ளாடிக்கொண்டிருந்த பிரான்சுவா ஃபாபரைக் கூடவே இருந்து ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தார். தெக்ராஞ்சுக்கு ஆத்திரம். ப்ரோக்கோவை 'டொமெஸ்டிக்' என்று தன் பத்திரிகையில் எழுதினார். வீட்டு வேலைக்காரன் என்று அர்த்தம். அடுத்த ஸ்டேஜ் பிரெனீஸ் மலைகளில். ப்ரோக்கோ என்ன செய்தார் தெரியுமா? எல்லாரையும் பின்னால் விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தார். அப்படியும் அவரைப் பந்தயத்திலிருந்து நீக்கினார்கள்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெக்ராஞ்சின் வசை இன்று ஒரு தொழிலின் பெயர். 'நான் டொமெஸ்டிக்' என்று ஒரு வீரர் நிமிர்ந்து சொல்கிறார். இத்தாலியர்கள் 'கிரெகாரியோ' என்பார்கள், படையில் வரிசையில் நிற்கும் சாதாரண வீரன் என்ற பொருளில் வந்த சொல். நீங்களோ 1911இல் தெக்ராஞ்ச் நின்ற இடத்துக்கே திரும்பிப் போய் நிற்கிறீர்கள். அதுவும் பத்து நிமிடத் தொகுப்பைப் பார்த்துவிட்டு.

தண்ணீர் பாட்டில் சுமப்பது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் பார்ப்போமா? கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. ஒருவர் கையை உயர்த்திவிட்டுக் கூட்டத்தின் வாலுக்கு நழுவி வருகிறார். அணியின் காரை ஒட்டி ஓட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக ஒவ்வொரு பாட்டிலாக வாங்குகிறார். சைக்கிளில் இரண்டு. ஜெர்சியின் முதுகுப்பைகளில் மூன்று. கழுத்துப் பக்கமாக முதுகுக்குள் இன்னும் இரண்டு மூன்று. நாலைந்து கிலோ கூடுதல் எடை. முதுகு கூனல் விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது அவர் அந்த எடையோடு, தான் விட்டுவந்த அதே வேகக் கூட்டத்தைத் துரத்திப் பிடித்து, நூற்றைம்பது பேருக்கு நடுவே இடம் கண்டுபிடித்து முன்னால் போய், தன் அணியின் மற்ற ஏழு பேருக்கும் கையில் கொடுக்க வேண்டும். வெயில் நாளில் இதை எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தண்ணீர் சின்ன வேலை. பெரிய வேலை காற்று. சமதளத்தில் சைக்கிள்காரனின் முதல் எதிரி காற்றுதான். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். கூட்டத்தின் நடுவில் இன்னும் அதிகம். அப்படியென்றால் யாரோ ஒருவர் முன்னால் நின்று அந்தக் காற்றை நெஞ்சில் வாங்க வேண்டும், இல்லையா? உங்கள் தொகுப்பில் கடைசி 200 மீட்டரில் ஒருவர் சீறிக்கொண்டு வந்து கைகளைத் தூக்குகிறாரே, அவர் அதற்கு முந்தைய 180 கிலோமீட்டரையும் இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால்தான் கடந்திருப்பார்.

டிம் டெக்லர்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முதல் பத்துப் பெயர்களோடு நிறுத்திவிடுகிறவர் என்பதால் கேட்டிருக்க மாட்டீர்கள். பெல்ஜியக்காரர், ஆறடிக்கு மேல் உயரம். 'எல் டிராக்டர்' என்று பட்டப்பெயர். காலையில் நாலைந்து பேர் தனியே பிரிந்து முன்னால் ஓடிவிட்டால், அவர்கள் ரொம்ப தூரம் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக டெக்லர்க் கூட்டத்தின் தலைக்கு வந்து நிற்பார். மணிக்கணக்காக அங்கேதான். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. தலை கொஞ்சம் சாய்ந்திருக்கும். பின்னால் நூற்றைம்பது பேரும் அவர் உடைத்த காற்றில் போவார்கள். இறுதிக்கட்டம் நெருங்கும்போது, கடைசி நேர ஓட்டக்காரர்கள் முன்னால் வரும்போது, அவர் ஒதுங்கிக்கொள்வார். காமிராவும் அத்தோடு அவரை விட்டுவிடும்.

2021இல் டெக்லர்க்கின் அணியில்தான் கடைசி நேர ஓட்டக்காரர் மார்க் கேவண்டிஷ் இருந்தார். அவர் கதை முடிந்தது என்று எல்லாரும் எழுதிவிட்ட நேரம். அந்த ஜூலையில் நான்கு ஸ்டேஜ் ஜெயித்து, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34 ஸ்டேஜ் வெற்றிகளைச் சமன் செய்தார். நான்காவது வெற்றி கார்க்கசோனில். அன்று நான் அழுதேன். அந்த நாட்களில் முன்னால் ஓடிப்போனவர்களை எட்டுகிற தூரத்திலேயே பிடித்துவைத்திருந்தது யார் என்கிறீர்கள்? பாரிசில் பந்தயம் முடிந்தபோது பட்டியலில் 141 பேர் இருந்தார்கள். 141ஆவது பெயர் டிம் டெக்லர்க்.

முதுகு காட்டி இழுத்துப்போனவர் பட்டியலின் கடைசியில் இருக்கிறார். இது ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கடைசி இடத்துக்கு ஒரு பெயர் உண்டு, 'லாந்தர்ன் ரூஜ்'. ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் சிவப்பு லாந்தர். அந்த விளக்கு தெரிந்தால் வண்டி முழுதாக வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில் வருவது என்பது சும்மா மெதுவாக ஓட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் நேர வரம்பு இருக்கிறது. ஜெயித்தவர் எடுத்துக்கொண்ட நேரத்தின் மேல் இத்தனை சதவீதம் என்று கணக்கு. பாதை எவ்வளவு கடினம், ஜெயித்தவரின் வேகம் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சதவீதம் மாறும். ஜெயித்தவருக்கு 5 மணி நேரம், வரம்பு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 36 நிமிடம். அதற்குள் வராவிட்டால் மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் மலை நாட்களில் உடல் கனத்தவர்கள் எல்லாம் பின்னால் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். இத்தாலிய மொழியில் 'க்ரூப்பெட்டோ', பிரெஞ்சில் 'ஓட்டோபுஸ்', அதாவது பஸ். அதில் அனுபவசாலி ஒருவர் கணக்கு வைத்திருப்பார். முன்னால் என்ன வேகம், நமக்கு எத்தனை நிமிடம் மிச்சம், இந்த ஏற்றத்தில் எவ்வளவு விட்டால் அடுத்த இறக்கத்தில் பிடிக்கலாம் என்று. காலை முதல் மாலை வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்ட அணிகள் அங்கே ஒரே வேகத்தில், ஒரே கணக்கில் போகும். முன்னால் ஒரு பந்தயம், பின்னால் ஒரு பந்தயம். இரண்டாவதில் யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் காலை புறப்படுகிறவர்களை எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அதுவும் 2019தான். ஜூலை 20, டூர்மலே. 2115 மீட்டர் உயரம். ப்ரோக்கோவின் காலத்திலிருந்தே பந்தயம் ஏறிவரும் மலை. உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே, பாதையோரப் புல்லில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மதியம் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. பிறகு கீழே வளைவுகளில் கூச்சல், அது வளைவு வளைவாக மேலே ஏறிவந்தது. பினோ வந்தார், மொத்தப் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சியில் அலஃபிலிப் வந்தார், சில விநாடிகளில் போய்விட்டார்கள். பினோ ஜெயித்துவிட்டார் என்ற செய்தி மேலிருந்து கத்தலாக இறங்கிவந்தபோது முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் கூட்டம் கலைய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த குடும்பம் நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தது. நானும் பையை எடுத்துக்கொண்டேன். இரண்டும் மூன்றுமாக வீரர்கள் இன்னும் வந்துகொண்டிருந்தார்கள், கைதட்டல் குறைந்துவிட்டது. வெகுநேரம் கழித்து பஸ் வந்தது. முப்பது நாற்பது பேர் இருக்கும். யாரும் பேசவில்லை. சங்கிலிகளின் சத்தம் மட்டும் கேட்டது. அது கடந்துபோன பிறகு, ஐம்பது மீட்டர் பின்னால், ஒரே அணியின் ஜெர்சியில் இரண்டு பேர்.

பின்னால் வந்தவரின் ஜிப் வயிறு வரை திறந்துகிடந்தது. உதட்டோரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கண் முன்சக்கரத்தை விட்டு எங்கும் போகவில்லை, சக்கரம் இடமும் வலமுமாகத் தள்ளாடியது. முன்னால் போனவருக்குக் களைப்பே இல்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். நாலு மிதிக்கு ஒருமுறை தலையைக் குனிந்து தன் கைக்கு அடியில் பின்னால் பார்த்தார். இடைவெளி ஒரு சக்கரத்துக்கு மேல் போனால் மிதியைக் குறைத்தார். சேர்ந்ததும் திரும்பவும் அதே வேகம். என் முன்னால் அவர்கள் கடந்த அந்த இருபது முப்பது மீட்டரில் மூன்று முறை பார்த்தார். வரம்பு தாண்டினால் அவரும்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்கு அது தெரியும்.

பையைக் கீழே வைத்துவிட்டு நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதற்காக ஓட்டுகிறார்கள் என்று கேட்டீர்கள். சம்பளம் உண்டு. ஜெயித்த தலைவர் தன் பரிசுப் பணத்தை அணிக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. முதலிடத்துக்கு 5 லட்சம் யூரோ. பணம் போதுமான காரணமா என்று கேட்டால் எனக்குத் தெரிந்தவரை இல்லை. ஆனால் அந்த மனிதர் கைக்கு அடியில் குனிந்து பார்த்தாரே, அதற்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கோபத்தில் நிறைய சொல்லிவிட்டேன். நீங்கள் புதிதாகப் பார்க்கிறவர், கேட்டதற்காக வருத்தம் இல்லை. கேட்காமல் இருந்திருந்தால்தான் தப்பு. சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த ஸ்டேஜ் என்று கேட்டிருந்தீர்கள். நாலைந்து வேண்டாம். மூன்றாவது வாரத்தில் ஒரு மலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கொடி அசைப்பதிலிருந்து பாருங்கள். ஜெயித்தவர் கோட்டைக் கடந்ததும் அணைத்துவிடாதீர்கள், கடிகாரம் ஓடட்டும். முடிவுப் பட்டியல் வந்ததும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி மூன்று பெயர்கள் எந்த அணி, அன்று அவர்கள் யாருக்காக எத்தனை கிலோமீட்டர் முன்னால் நின்றார்கள் என்று தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.