டாம்செல் கடிக்கிறது, பெரிய மீன் விடலாமா?

கேள்வி: 200 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர் பக்குவப்படட்டும் என்று கடைக்காரர் சொன்னதால் முதலில் ஒரு டொமினோ டாம்செல் (வெள்ளைப் புள்ளியுள்ள கடல் மீன்) விட்டேன். மூன்று மாதம் கழித்து இரண்டு கோமாளி மீன்கள் விட்டதும் விரட்டி விரட்டிக் கடிக்கிறது. ஒன்று வால் கிழிந்து ஹீட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. இதை அடக்க பெரிய மீன் ஏதாவது விடலாமா?

பதில்: வேண்டாம். பெரிய மீன் வந்தால் டாம்செல் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும், கோமாளி வாங்கும் அடி குறையாது. வால் கிழிந்ததை இன்றைக்கே துளையுள்ள பெட்டியில் போட்டு அதே தொட்டிக்குள் தொங்கவிடுங்கள்.

அப்புறம் டொமினோவைப் பிடியுங்கள். பகலில் வலையோடு துரத்தினால் பவளம்தான் உடையும். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வழக்கமான இடுக்கிலேயே படுத்திருக்கும். அதன் எல்லை குழம்பட்டும் என்று பாறைகளை இடம் மாற்றி அடுக்குவதெல்லாம் சிறிய டாம்செல்லுக்குச் சரி. டொமினோ 14 செ.மீ. வரை வளரும், வெள்ளைப் புள்ளி மங்க மங்க முரட்டுத்தனம் கூடும். வேறு பெரிய தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள், கடலில் மட்டும் விடாதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: மீன் கழிவில் வரும் அம்மோனியா என்ற நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியாவே வளராத தண்ணீரில் மீனை ஏன் விட்டீர்கள்? அந்தப் பாக்டீரியா வளரத் தேவை அம்மோனியா, மீன் அல்ல. அம்மோனியா தரும் அம்மோனியம் குளோரைடு உப்பு போதும். தோலுரித்த பச்சை இறால் ஒன்று போட்டு அழுகவிட்டாலும் நடக்கும், நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால். பாக்டீரியா வளர பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 2 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் 2 மி.கி.) அம்மோனியா சேர்த்து, ஒரே நாளில் அம்மோனியாவும், அது சிதைந்து உண்டாகும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் தொட்டி தயார். ‘டாம்செல் லேசில் சாகாது’ என்று சொல்லி விற்கிறார்கள். சாகாது, அம்மோனியாவில் செவுள் வெந்து கிடக்கும். பிழைத்து எழுந்தால் முழுத் தொட்டிக்கும் பட்டா வாங்கிய மாதிரி நடந்துகொள்ளும். கடலிலேயே சில டாம்செல்கள் தாங்கள் காக்கும் பாசித்திட்டுக்குள் தம்மைவிடப் பலமடங்கு பெரிய மீனையும் நுழைய விடுவதில்லை. கடைக்காரருக்கு என்ன, முதலில் டாம்செல் விற்பார், அது கொன்ற மீனுக்குப் பதில் இன்னொன்றும் விற்பார்.

சொல்லப்போனால் கோமாளியும் டாம்செல் குடும்பம்தான். வளர்ந்த பெட்டைக்கும் கடிக்கத் தெரியும். அப்படியும் டாம்செல் ஆசை விடவில்லையென்றால், மஞ்சள்வால் டாம்செல் ஒன்றே ஒன்று, மற்ற மீன்களெல்லாம் நிலைத்த பிறகு கடைசியாக விடுங்கள்.