ரத்தத்தில் குறைந்தால் மெலாஸ் குணமாகிறதா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. ஐந்து வருடங்களுக்கு முன் மெலாஸ் என்ற நோய், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைப் பாதிக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார்கள். அப்போது ரத்தத்தில் 40 சதவீதம் இருந்த 3243 மரபணுப் பிறழ்வு இப்போது 36 சதவீதம். நோய் குணமாகி வருகிறதா? நோய் எதிர்ப்பு அணுக்களை வைத்துச் சிகிச்சை வருகிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அதை வைத்து நோய் குறைகிறது என்று சொல்ல முடியாது. இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற ரத்தத்தில் அதன் அளவு தானாகவே இறங்கும். தசையில் அப்படி இறங்குவதில்லை.

காரணம் சுவாரசியமானது. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நகல்கள் இருக்கும். நல்லதும் பழுதும் கலந்தே இருக்கும். அதில் பழுதின் பங்குதான் நீங்கள் சொல்லும் சதவீதம். 2020இல் வந்த ஓர் ஆய்வில் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற அணுக்களைவிட, நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி செல்களில் பழுது குறைவாக இருந்தது. கிருமியைக் கண்டதும் டி செல் மளமளவென்று பெருக வேண்டும். பழுது மிகுந்த செல் அதில் பின்தங்கிவிடுகிறது என்று கருதுகிறார்கள். மூளையின் நரம்பு செல்கள் அப்படிப் பெருகுவதில்லையே!

டி செல்லில் தானாக நடப்பதை மற்ற உறுப்புகளிலும் நடத்த முடியுமா என்று தேடுகிறார்கள். பழுதான நகலை மட்டும் வெட்டும் நொதிகள் எலிகளில் பலன் தந்துள்ளன. மெலாஸுக்கு அது இன்னும் மருந்தாகவில்லை. 2025இல் அமெரிக்காவில் பார்த் நோய், டிகே2 குறைபாடு என்ற வேறு இரண்டு மைட்டோகாண்ட்ரியா நோய்களுக்கு மருந்துகள் அனுமதி பெற்றன. அவை வேறு மரபணுக் கோளாறுகளுக்கானவை. ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

இப்போதைக்கு உங்கள் கவனம் காய்ச்சலில் இருக்கட்டும். தொற்று வந்தால் உடலுக்கு ஆற்றல் கூடுதலாகத் தேவை. அந்த நேரம் பார்த்துப் பிள்ளை சாப்பிடவும் மாட்டாள். பட்டினி போடாதீர்கள். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து கொடுக்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதி அவள் பையில் வையுங்கள். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள். சர்க்கரை, காது, இதயப் பரிசோதனைகளை ஆண்டுதோறும் செய்யுங்கள்.

அப்புறம், இது தாய்வழி வரும் நோய் என்பதால், அவளைப் பெற்ற தாய் என்றால் நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சிறுநீரில் பார்க்கச் சொல்லுங்கள்.