கழுகு நெபுலாவின் தூண்கள் படமான விதம்: கேள்வி பதில்

கழுகு நெபுலா என்னும் விண்வெளி வாயு, தூசி மேகத்தின் நடுவே நிற்கும் வாயுத் தூண்களை ஹப்பிள் தொலைநோக்கி 1995 ஏப்ரல் 1 அன்று படமெடுத்தது. ‘படைப்பின் தூண்கள்’ என்று பெயர்பெற்ற அந்தப் படத்தைப் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

பள்ளி மாணவி ஒருவர்: தூண்களைச் செதுக்கியது எது?

அருகிலுள்ள என்ஜிசி 6611 என்னும் விண்மீன் கொத்தின் பெருநிறை விண்மீன்களே. அவற்றுள் மிக வெப்பமானவற்றின் மேற்பரப்பு வெப்பநிலை 30,000 கெல்வினைத் தாண்டும். நம் சூரியனுக்கு அது சுமார் 5,800 தான். அவை உமிழும் புற ஊதாக் கதிர்கள் வாயுவைச் சூடாக்கிச் சிதறடிக்கின்றன. செம்மண் மேட்டில் மழை அடித்து ஓய்ந்த பிறகு, கூழாங்கல் மறைத்த இடத்தில் மட்டும் மண் குச்சியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கூழாங்கல்லின் வேலையைச் செய்வது தூணின் உச்சியிலுள்ள அடர்ந்த வாயு. இடப்பக்கத் தூணின் நீளம் மட்டும் ஏறத்தாழ 4 ஒளியாண்டு.

ஒளிப்படக் கலைஞர் ஒருவர்: அந்த நிறங்கள் உண்மையானவையா, பூசப்பட்டவையா?

இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர முடியாத கேள்வி இது. ஹப்பிளின் உணரிகள் ஒளியின் அளவை மட்டுமே பதிவதால், அங்கிருந்து வருவது கறுப்பு வெள்ளைப் படந்தான். உணரிக்கு முன்னால் குறுகிய அலைவரிசையை மட்டும் விடும் வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து, கந்தக அயனியின் 673 நானோமீட்டர் ஒளி, ஹைட்ரஜனின் 656, ஆக்சிஜன் அயனியின் 501 ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்தார்கள். முதல் இரண்டும் கண்ணுக்குச் சிவப்பாகவே தெரியும் என்பதால், உள்ளபடியே காட்டினால் கந்தகம் எது, ஹைட்ரஜன் எது என்று பிரித்தறிய இயலாது. ஆகவே, படத்தை உருவாக்கிய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும், அலைநீள வரிசை குலையாமல், கந்தகத்துக்குச் சிவப்பையும் ஹைட்ரஜனுக்குப் பச்சையையும் ஆக்சிஜனுக்கு நீலத்தையும் தந்தார்கள். எந்த வாயு எங்கே ஒளிர்கிறது என்ற செய்தியை அந்த நிறங்கள் தாங்குகின்றன. அழகுக்காகப் பூசியவை என்று குறைகூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவரே: படத்தின் ஒரு மூலை படிக்கட்டுப் போல் வெட்டுப்பட்டிருப்பது ஏன்?

அன்றைய கருவியில் நான்கு கேமராக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று சிறிய பரப்பைக் கூடுதல் நுணுக்கத்துடன் எடுப்பது. அதன் படத்தை மற்ற மூன்றின் அளவுக்குச் சுருக்கிப் பொருத்தியபோது அந்த மூலையில் வெற்றிடம் விழுந்தது.

பொறியாளர் ஒருவர்: அதே தூண்கள் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் கண்ணாடி போலத் தெரிகின்றனவே?

2022 அக்டோபரில் வெளியான அந்தப் படம், கண்ணுறு ஒளியைவிடச் சற்றே நீண்ட அலைகளைக் கொண்ட அண்மை அகச்சிவப்பில் எடுக்கப்பட்டது. கண்ணுறு ஒளியைச் சிதறடித்து மறைக்கும் நுண்தூசியை நீண்ட அலைகள் பெருமளவு கடந்துவிடுகின்றன. எனவே தூண்களின் ஓரங்களில் உருவாகிக்கொண்டிருக்கும் இளம் விண்மீன்கள் செந்நிறப் புள்ளிகளாக வெளிப்பட்டன. இன்னும் நீண்ட அலைகளான நடு அகச்சிவப்பில் எடுத்த படத்திலோ பெரும்பாலான விண்மீன்கள் மங்கிப்போய், தூசியே முன்னுக்கு வந்துவிடுகிறது. விண்மீன்களைச் சுற்றித் தெரியும் கூர்முனைகள், அறுகோண ஆடிகளின் விளிம்புகளாலும் துணை ஆடியைத் தாங்கும் கம்பங்களாலும் ஒளி வளைந்து பரவுவதால் தோன்றுபவை. விண்மீனுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மாணவி மீண்டும்: தூண்கள் மாறுவதை நம்மால் காண முடியுமா?

ஓரளவுக்குக் கண்டுவிட்டோம். 2014இல் ஹப்பிள் புதிய கேமராவால் மீண்டும் எடுத்த படத்தை முந்தையதோடு ஒப்பிட்டபோது, ஒரு தூணிலிருந்து, பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் ஒன்று பீய்ச்சுவதாகக் கருதப்படும் வாயுத் தாரை, இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 10,000 கோடி கிலோமீட்டர் நீண்டிருந்தது.